அல்லுடு கொடுத்த மாத்திரை

3.9.2024
நைனா வீடு, பாஞ்சாலங்குறிச்சி பக்கம்

இசக்கிபாண்டிக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபப்பட வேண்டாம். எடுத்தால் நைனா கையை நீட்டுவார். "அல்லுடுவா? குடு, நான் பேசுதேன்" என்பார். மருமகன் பேச்சைக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவர் முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் எழுதினால் படித்துவிட்டு அழித்துவிடுவீர்கள். அதனால்தான் தாளில் எழுதி, மினிபஸ் ஓட்டுகிற தவசி அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுகிறேன்.

நைனா வாந்தி எடுத்ததை நீங்கள் பார்க்கவில்லை. காபித்தூள் சக்கை போலக் கறுப்பாக வந்தது. கும்பா எடுக்கப் போவதற்குள் அடுத்தது வந்துவிட்டதால் கையில்தான் ஏந்தினேன். வெதுவெதுவென்று இருந்தது. துருப்பிடித்த இரும்பும் ஊசிப்போன சோறும் சேர்ந்த நாற்றம். சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும், சோற்றில் கை வைத்தால் இன்னும் அதுதான் அடிக்கிறது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், புண்ணிலிருந்து ரத்தம். அந்தப் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கொல்லத்தான் சித்திரையில் இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். நைனா ஒன்றுவிடாமல் விழுங்கினார். கிருமி சாகவில்லை. அஃப்ஷான் என்று ஒரு டாக்டரம்மா, நம் வயதுதான் இருக்கும். "இதுக்கு முன்னாடி வயித்துக்கு என்னென்ன மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க ஐயா?" என்று கேட்டார். நைனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஏம்மா, அந்தப் பையை எடு" என்றார்.

மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். எல்லாம் கத்தரித்த துண்டுகள். இரண்டு மாத்திரைத் துண்டு, மூன்று மாத்திரைத் துண்டு. பாதிக்குமேல் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற சிப்ரோ, மெட்ரோ, தொண்டைவலிக்குக் கொடுப்பது, சளிக்குக் கொடுப்பது என்று எல்லாமே அதில் இருந்தது. "எங்க அல்லுடு குடுத்தது. கோயில்பட்டில மெடிக்கல் வச்சிருக்காவ. வலி வந்தா ரெண்டு போடுவேன், நின்னுட்டா விட்டுருவேன். டாக்டரெல்லாம் எதுக்கு, அவியளே டாக்டருதான்" என்றார் நைனா.

செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல டாக்டரம்மா அந்தத் துண்டுகளைப் பேனா முனையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அந்தக் கடைக்கு பார்மசிஸ்ட் யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவது என் சான்றிதழ். நீங்கள் முதல் வருஷத்தோடு படிப்பை விட்டவர். பாஸ் பண்ணிய நான் சமையல்கட்டில் இருக்கிறேன். என் பெயரைத் தொங்கவிட்டு, என் அப்பாவுக்கே இத்தனை வருஷமாக அரைகுறையாகக் கொடுத்து அந்தக் கிருமிக்குப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள்.

அந்த அம்மா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இங்கே வர வேண்டாம்.

கிருஷ்ணப்ரியா


5.9.2024
கோவில்பட்டி

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். ஒரு ஆள் இருமல் மருந்து கேட்டு நின்றுகொண்டிருந்தான். அவன் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

மாமாவுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? நம் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேற்று ஆள் பையன், படிப்பை முடிக்காதவன் என்று வாசலோடு அனுப்பினார். மாரியம்மன் பொங்கலுக்கு நீ மட்டும் உள்ளே போய்ச் சாப்பிட்டாய், நான் வேப்ப மரத்தடியில் பைக்கில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பருத்திக்காட்டில் சுருண்டு கிடந்தபோது சட்டைப்பையில் இருந்த மாத்திரையைக் கொடுத்தேன். சாயங்காலம் எழுந்து வந்து, "அல்லுடு, காபி சாப்பிட்டியா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்டு நான் எப்படி இல்லை என்று சொல்வேன்?

டாக்டரம்மா கை கழுவினார் என்கிறாய். அவருக்கு ஆஸ்பத்திரியும் ஏ.சி. ரூமும் இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களை அவர் பார்த்திருக்கிறாரா? நேற்று சீனித்தாய் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள், உனக்குத் தெரியும். பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது. "ஆஸ்பத்திரில சீட்டு வாங்கி நின்னா ஒரு நா வேல போயிருதுண்ணாச்சி. நீங்களே பாத்துக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் கொடுப்பான். அதுவும் இல்லையென்றால் அந்தச் சந்துக்குள் போர்டு மாட்டியிருக்கிறானே, அவனிடம் போய் ஊசி போட்டுக்கொள்வாள். அவன் என்ன படித்தான் என்று யாராவது கேட்டார்களா?

ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள். சாக்கடைக்குள் குழாயைப் போட்டுவிட்டு, அதில் வருகிறதைக் குடிக்கச் சொல்கிறார்கள். வாளியில் பிடித்து வைத்தால் அடியில் பாசியும் மயிரும் படிகிறது. அதைக் குடித்துவிட்டு வருகிறவனுக்கு நான் மாத்திரை கொடுத்ததுதான் குற்றமா?

டாக்டர் எழுதுவதை எல்லாம் வெளியில் வாங்க வேண்டாம். போனில் படம் அனுப்பு, நானே முழு அட்டையாக அனுப்புகிறேன். இப்போதைக்கு அமிலம் குறைகிற மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் தவசி அண்ணனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ராத்திரி மாமாவுக்குக் கஞ்சி மட்டும் கொடு.

உன் இசக்கி


24.9.2024
ஊர்

இசக்கிபாண்டிக்கு,

நீங்கள் அனுப்பிய பொட்டலத்தை அன்றைக்கே பிரிக்காமல் தவசி அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தேனே, அது உங்கள் கைக்கு வந்ததா இல்லையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

புண்ணிலிருந்து கிள்ளியெடுத்த சதையை வெளியூர் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்துவிட்டது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகளில் மூன்று அந்தக் கிருமியிடம் செல்லாது. மூன்றுமே அந்த மஞ்சள் பையில் இருந்தவையோ, அவற்றின் பங்காளிகளோதான். டாக்டர் அஃப்ஷான் பொறுமையாகச் சொன்னார். "அரைகுறையா அடிச்சா பலமில்லாத கிருமி மட்டும் சாகும். தாக்குப்பிடிச்சது நின்னு பெருகும். அடுத்த தடவை அதே மருந்து போனா அதுக்கு ஒண்ணும் ஆகாது. உங்கப்பாவோட வயித்துல இப்ப இருக்கது அப்படி மிஞ்சி வந்த கூட்டம்."

நைனா வயிற்றுக்குள் அது உட்கார்ந்து, நீங்கள் அனுப்பியதையெல்லாம் தின்று பழகிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது நாலு விதமான மருந்து, இரண்டு வாரத்துக்கு. நாக்கு கரிக்கட்டையாகிவிட்டது. வெளிக்குப் போனால் தார் போல் போகிறது. அது மருந்தால்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அது ரத்தமா மருந்தா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பெற்ற அப்பாவின் மலத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பு பற்றவைக்கிறேன். "வாய்க்குள்ள ஆணியை ஊறப்போட்ட மாதிரி இருக்கும்மா. நாயிகூட இதத் திங்காது. வத்து, வத்து" என்று தலையைத் திருப்பிக்கொள்வார். வேண்டாம் என்றால் அவர் வாயில் தெலுங்குதான் வரும். நான் கெஞ்சினால் வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

நேற்றுக் கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன். சுவரோரம் ஈரமான குவியல் ஒன்று கிடந்தது. எச்சிலில் ஊறிப் பிசுபிசுத்து, மஞ்சளும் வெள்ளையுமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன மாத்திரைகள். எறும்புகூட அண்டவில்லை. நான்கைந்து நாளாக நாக்கடியில் அடக்கி வைத்திருந்து, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பியிருக்கிறார்.

அப்படியென்றால் இரண்டு நாளாக அவருக்கு வலி எப்படிக் குறைந்தது? தலையணை உறைக்குள் கைவிட்டேன். கத்தரித்த துண்டு இரண்டு கிடைத்தன. சுற்றியிருந்த தாள் உறையில் நம் கடை முத்திரை.

கேட்டால் நைனா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தவசி அண்ணாச்சியைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. மாமா கேட்டாவ, மாப்ள குடுத்தாவ, நான் கொண்டாந்தேன்" என்கிறார்.

நீங்கள் கொடுத்தீர்களா? அவர் வாந்தி எடுத்தது தெரிந்தும், கிருமி சாகவில்லை என்று தெரிந்தும் கொடுத்தீர்களா? எனக்கு ஒரு சொல்லில் பதில் வேண்டும். பக்கத்துக் கடைக்காரன், குடிதண்ணீர், சீனித்தாய் எதுவும் வேண்டாம்.

கிருஷ்ணப்ரியா


26.9.2024
கோவில்பட்டி

பிரியா,

கொடுத்தேன்.

ஒரு சொல்தான் கேட்டாய். ஆனாலும் மீதியையும் படி.

தவசி அண்ணன் போனிலிருந்து மாமா பேசினார். குரல் கீச்சென்று பூனைக்குட்டி மாதிரி இருந்தது. "அல்லுடு, இவ என்னைக் கொல்லுதா. இந்தக் கருமத்தத் தின்னுட்டு உசிரோட இருக்கதுக்குச் செத்துரலாம். நீ பழசையே குடு, இவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். முடியாது மாமா, டாக்டர் கொடுத்ததைச் சாப்பிடுங்கள் என்றேன். அவர் அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை. கத்தரியை எடுத்தேன்.

இரண்டு நாளைக்கு இதை வைத்துப் பொறுத்துக்கொள்வார், அப்புறம் டாக்டர் மருந்தைச் சாப்பிடுவார் என்று நினைத்தேன். அதைத் துப்புகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்று நீ கேட்பாய். எனக்கே தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அதே நாள் சீனித்தாய் வந்தாள். பிள்ளைக்கு நான் கொடுத்ததில் நின்று, திரும்பப் பிடித்து, அப்புறம் ரத்தமாகவே போயிருக்கிறது. கண் குழிந்து, துணியைப் பிழிந்து போட்டமாதிரி ஆன பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். முதலில் போட்ட ஊசி கேட்கவில்லை. வேறு மருந்து ஏற்றி, இப்போது கண்ணைத் திறந்து பார்க்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்திருக்கிறாள். சேலையில் பிள்ளையின் நாற்றம், புளித்த நாற்றம், கடை முழுக்க அடித்தது. நின்றிருந்த இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணாச்சி, நீங்க மொத குடுத்ததாலதான் இம்புட்டு நாளு தாக்குப்பிடிச்சான். இப்பம் சின்னவளுக்கும் போகுது. அதவிட பவரு கூடுன மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பார்த்தேன், எனக்கே அருவருப்பாக இருந்தது. மாத்திரை இல்லை என்றேன். உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, காய்ச்சி ஆறின தண்ணீரில் எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லி, சின்னவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போ என்றேன். "எம்மேல என்ன கோவம் அண்ணாச்சி?" என்று கேட்டாள். என்ன கோபம் என்று எப்படிச் சொல்வேன்? அவள் போகிற வழியில் பக்கத்துக் கடையில் ஏறினாளோ என்னவோ, நான் எட்டிப் பார்க்கவில்லை.

என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன்.

இசக்கி


2.10.2024
ஊர்

இசக்கிபாண்டிக்கு,

நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை நாளும் அவர் மனசு நோகும் என்று மறைத்தேன். வலியை நிறுத்தினதாக நீ நம்புகிற மாத்திரைதான் இந்தக் கிருமியை வளர்த்துவிட்டது, இப்போதும் அதைத் தின்றால் அடுத்த தடவை வருகிற ரத்தம் நிற்காது என்றேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ அந்தப் பய குடுத்தது மருந்தில்லையா?"

"மருந்துதான் நைனா. குடுத்த விதம் தப்பு."

"நான்தானம்மா கேட்டேன். வயிறு எரியையில கேட்டதும் குடுத்தவன் அவன் ஒருத்தன்தான்."

"அதான் தப்புன்னு சொல்லுதேன்."

அதற்கப்புறம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை ஏமாற்றியதற்காக இல்லை. துப்பின மாத்திரையை மகள் கையால் அள்ள வைத்துவிட்டோமே என்றுதான் வெட்கப்பட்டார். "ச்சீ, என்ன மனுசன் நான்" என்று சுவருக்குச் சொன்னார்.

டாக்டரிடம் கேட்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். ஒவ்வொரு வேளையும் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். விழுங்கியதும் "வாயைத் திற நைனா" என்பேன். "என்ன நம்பலியாம்மா?" என்பார். இல்லை என்பேன். கறுத்த நாக்கைத் தூக்கிக் காட்டுவார். கன்னத்துக்குள் விரலை விட்டும் பார்க்கிறேன். அவர் வாய் நாற்றம் என் விரலில் ஏறிவிட்டது. காட்டில் விதைப்பு நேரம். மழை பெய்து மண் பதமாகக் கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "உளுந்து போட ஆள் சொல்லணும்" என்கிறார். அடுத்த நிமிஷம் கும்பாவுக்குக் கை நீட்டுகிறார்.

இனி கடை விஷயம். சுவரிலிருக்கிற என் சான்றிதழைக் கழற்றி வையுங்கள். அது இல்லாமல் கடை திறக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஷட்டரை இறக்க வேண்டும். திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் மருந்து ஆய்வாளருக்கு நானே எழுதுவேன். என் பெயரும் சேர்ந்துதான் கெடும். கெடட்டும்.

கிருஷ்ணப்ரியா


19.10.2024
கோவில்பட்டி

பிரியாவுக்கு,

ஷட்டரை இறக்கிவிட்டேன். முதல் வாரம் தட்டினார்கள். "இசக்கி, ஒரு மாத்திரைதானப்பா, கீழ வழியாக் குடு" என்று ஷட்டருக்கு அடியில் கையை நீட்டியவர்களும் உண்டு. உள்ளே இருந்து அந்தக் கையைப் பார்த்தேன். ஊர் முழுக்க அப்படித்தான் கை நீட்டிப் பழகியிருக்கிறது, பழக்கினவர்களில் நானும் ஒருத்தன்.

இப்போது யாரும் தட்டுவதில்லை. எல்லாரும் பக்கத்துக் கடையில் நிற்கிறார்கள். அவன் என்னைப் பார்த்தால் வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். நான் அடைத்ததால் இந்த ஊரில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை பிரியா. இதைச் சண்டைக்காக எழுதவில்லை. பார்ப்பதை எழுதுகிறேன்.

சும்மா இருக்க முடியாமல் கடையைச் சுத்தம் பண்ணினேன். கல்லாவுக்குக் கீழே, தராசுக்குப் பின்னால், இழுப்பறைகளில் எல்லாம் கத்தரித்த மிச்சத் துண்டுகள். ஒரு மாத்திரை, ஒன்றரை மாத்திரை. தேதி போனது, ஈரத்தில் பொங்கி உறை கிழிந்தது, எலி கடித்தது. ஒரு சாக்கு நிறைய வந்தது. சாக்கைத் திறந்தால் தொண்டையில் கசப்பு ஏறுகிறது. மூடி வைத்தாலும் அந்த வாடை போகவில்லை. சோற்றில், தலையணையில், எல்லாவற்றிலும் இருக்கிறது.

அதைக் கொட்ட இடமில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. சாக்கடையில் கொட்டலாம் என்று தூக்கிப் போனேன். ஓடையில் பன்றிகள் புரண்டுகொண்டிருந்தன. அதே ஓடையில்தான் நம் தெரு கக்கூஸ் தண்ணீரும் வந்து விழுகிறது, இந்த மருந்தும் சேர்ந்தால் அங்கே என்னென்ன வளரும் என்று தோன்றியதும் கால் நின்றுவிட்டது. எரித்தால் புகை. புதைத்தால் மழைத்தண்ணீர். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து கடைக்குள்ளேயே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் இதை விடக் கூடுதலாக மனுஷ வயிற்றுக்குள் கொட்டியிருக்கிறேன், ஒரு நாளும் இப்படி யோசித்ததில்லை.

சீனித்தாய் பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருக்கிறான். சின்னவளை அவள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். உப்புத் தண்ணீரிலேயே நின்றுவிட்டதாம், மாத்திரையே கொடுக்கவில்லையாம். "தண்ணிக்குத்தானா நின்னுச்சு?" என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மாமா எப்படி இருக்கிறார்? எனக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். அவர் சாப்பிடுகிறாரா என்று மட்டும் எழுது.

இசக்கி


30.11.2024
ஊர்

இசக்கிக்கு,

நைனா மருந்தை முடித்துவிட்டார். கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, நான் சொல்லாமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார். நாக்கு பழைய நிறத்துக்கு வர வெகுநாள் ஆயிற்று. இந்த வாரம் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய், குழாயில் ஊதச் சொல்லிப் பார்க்கிற அந்தச் சோதனையைச் செய்தோம். கிருமி இல்லை. டாக்டர் அஃப்ஷான் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "இந்தத் தடவை தப்பிச்சாச்சு. இதுவும் கேக்காமப் போயிருந்தா எங்கிட்ட எழுத மருந்து அதிகம் மிச்சமில்ல" என்றார்.

நைனா வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் இட்லி கேட்டார். சட்னி தொடாமல் இரண்டு சாப்பிட்டார். மெலிந்து போய்ச் சட்டை மாட்டின கம்பு மாதிரி இருக்கிறார். ஆனால் சாப்பிடுகிறார். நீங்கள் கேட்டதற்குப் பதில் அதுதான்.

சாக்கைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்க எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்களாம். கொண்டுவந்தால் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். யாருடைய சாக்கு என்று கேட்டார். எங்கள் கடையுடையது என்றேன். இந்தத் தடவை அவர் கை கழுவவில்லை, ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வயிற்றுப்போக்குக்கு எப்போது மருந்து வேண்டும், எப்போது வெறும் உப்புத் தண்ணீர் போதும், எந்த அடையாளத்தைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு விரட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பாதி நான் படித்ததுதான். படித்ததைக் கண்ணாடிக்குள் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, நான் வீட்டில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் அடைத்ததால் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறையாமல் போகட்டும். நம் கையால் போகாது, அவ்வளவுதான் எனக்கு இப்போது முடியும். பக்கத்துக் கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி கடையில் நான்தான் உட்காரப் போகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்வேன். அவர்கள் ஏசினால் நீங்களும் சேர்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை வெளியே போனாலும், அது யாருக்காக இருந்தாலும், எங்கள் வீட்டு ஆளாகவே இருந்தாலும், அன்றைக்கே மறுபடி கிளம்பிவிடுவேன். நீங்கள் விட்ட படிப்பை முடிப்பதாக இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். கட்டாயமில்லை.

உங்கள் மேல் இருந்த அருவருப்பு போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. நைனாவுக்கு வாயைத் துடைத்துவிடும்போது இன்னும் உங்கள் கத்தரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. என் மேல் உள்ளதும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். கடை வாசலில் நில்லுங்கள். ஷட்டரைத் தூக்காதீர்கள். நான்தான் தூக்குவேன்.

கிருஷ்ணப்ரியா